கரையில் ஒதுங்கிய வெள்ளை மணிகளால் மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் என்ன ஆகும்?

குமரிக்கரை ஆசிரியர்:

வணக்கம் நண்பர்களே. கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலோரப் பள்ளி ஒன்றில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது நினைவிருக்கும். அதற்கு அடுத்த சில நாட்களிலேயே எங்கள் பக்கக் கரையில் ஜவ்வரிசி போன்ற வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்க ஆரம்பித்தன. மூட்டையாகவும் வந்தன, உடைந்து சிதறியும் வந்தன. ஆட்கள் வந்து அள்ளினார்கள், ஆனால் இன்றும் மணலைக் கையால் கிளறினால் கிடைக்கிறது.

என் வகுப்பில் பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கேட்கிற கேள்வி செய்தித்தாளில் வருகிற "மீன் சாப்பிடலாமா கூடாதா" அல்ல. கப்பல் மூழ்கிய சமயம்தான் சாளை முட்டை விடுகிற பருவம், மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான், அப்படியென்றால் அந்த முட்டைக்கும் பொரிந்த குஞ்சுக்கும் என்ன ஆகியிருக்கும், நாலைந்து வருடம் கழித்து அப்பா வலையில் மீன் குறையுமா என்று கேட்கிறார்கள். தேடிப் பார்த்ததில் "மீன் குஞ்சுகள் இயற்கை உணவை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கையே விரும்பித் தின்கின்றன" என்று பல இடங்களில் இருக்கிறது. அது உண்மையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அலைவாசி:

நல்ல கேள்வி சார், பிள்ளைகளிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் கடல் மிதவை உயிரிகள் பக்கம் வேலை செய்கிறவன், தெரிந்ததை எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம், செய்திகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். நீங்கள் சொல்லும் மணியை நர்டில் என்பார்கள், வாளி முதல் பை வரை பெரும்பாலான பிளாஸ்டிக்குக்கு இதுதான் மூலப்பொருள். ஒரு மணி 2 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். பொரிந்து வெளியே வந்த சாளைக் குஞ்சின் முழு உடம்பே சில மில்லிமீட்டர்தான். அதன் வாய்க்குள் இந்த மணி போகவே போகாது. ஆகவே "குஞ்சு மணியை விழுங்கிச் செத்தது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேடு வேறு வழிகளில் வருகிறது.

மணியிலிருந்து தண்ணீரில் கசிவது ஒரு வழி. பிளாஸ்டிக் என்றால் வெறும் பாலிமர் மட்டும் கிடையாது, வெயிலில் நொறுங்காமல் இருக்க, வளைந்துகொடுக்க என்று என்னென்னவோ சேர்ப்பார்கள், அவை மெல்லக் கரைந்து வெளியே வரும். பிரேசிலில் கடல் முள்ளெலியின் கருவை வைத்துச் செய்த சோதனை 2015இல் வெளிவந்தது. புது மணிகள் ஊறிய கடல்நீரில் வளர்ந்த கருக்களில் பாதிக்கு மேல் கோணலாகிப் போயின. அதற்கு அடுத்த ஆண்டு அதே நாட்டில் பழுப்புச் சிப்பியின் கருவை வைத்துச் செய்தார்கள். உங்கள் ஊர்ப் பாறைகளில் மூழ்கி எடுக்கிறார்களே, அந்த இனம்தான். புது மணி ஊறிய நீரில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான கருக்கள் கோணலாயின, ஆனால் கடற்கரையில் பொறுக்கிய பழைய மணி ஊறிய நீரில் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாமே செத்தன அல்லது உருக்குலைந்தன.

பழைய மணி ஏன் இவ்வளவு மோசம்? பிளாஸ்டிக் கடலில் மிதக்கும்போது சுற்றியுள்ள நஞ்சை எல்லாம் தன் மேல் இழுத்துக்கொள்ளும். பழைய மின்சாதனங்களில் பயன்பட்ட பிசிபி, டிடிடி பூச்சிமருந்து சிதைந்து உண்டாகும் டிடிஇ போன்ற நஞ்சுகள் தண்ணீரில் இருப்பதைவிட மணியின் மேல் பத்து லட்சம் மடங்கு வரை செறிந்திருப்பதை ஜப்பான் ஆய்வாளர்கள் 2001லேயே காட்டினார்கள். அதனால்தான் மணலில் இன்னும் கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கவலையாக இருந்தது. வருடம் ஆக ஆக மணி சாதுவாகிவிடும் என்று எண்ணக்கூடாது. இன்னொரு பக்கம், அந்தச் சோதனைகளில் கொஞ்சம் தண்ணீரில் நிறைய மணிகளைப் போட்டிருந்தார்கள். திறந்த கடலில் அந்த அடர்த்தி வராது. அலை அடித்து மணி குவிகிற பாறை இடுக்குகளிலும் தேங்கிய குட்டைகளிலும்தான் அந்த நிலைக்கு அருகில் போக முடியும், ஆனால் சிப்பி வாழ்கிற இடமும் அதுதான்.

இன்னொரு வழி தாய் தகப்பன் மூலமாக வருவது, எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. பிரான்சில் பசிபிக் சிப்பிகளை இரண்டு மாதம், லிட்டருக்கு 0.023 மில்லிகிராம் அளவில் 2 மைக்ரான், 6 மைக்ரான் பிளாஸ்டிக் துகள்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கலந்த நீரில் வைத்தார்கள், 2016இல் முடிவு வந்தது. முட்டைகளின் எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது, விந்தணுவின் வேகம் 23 சதவீதம் குறைந்தது, அந்தச் சிப்பிகளுக்குப் பிறந்த இளம்புழுக்கள் 41 சதவீதம் குறைந்தன. பிறந்தவையும் மெதுவாகவே வளர்ந்தன, இத்தனைக்கும் அவற்றைச் சுத்தமான நீரில்தான் விட்டிருந்தார்கள். துகளை வடிகட்டி, செரிக்க முடியாமல் போராடி, முட்டைக்குப் போக வேண்டிய சக்தியைத் தாய் தன் உடம்பைக் காக்கச் செலவழித்துவிடுகிறது.

கோப்பிபாட் என்று ஒரு உயிரி, அரிசிமணியைவிடச் சிறியது, கடலில் பெரும்பாலான மீன் குஞ்சுகளுக்கு இதுதான் சோறு. இங்கிலாந்தில் அவற்றுக்கு 20 மைக்ரான் துகள்களைப் பாசியோடு கலந்து கொடுத்தபோது அவை உணவிலிருந்து பெற்ற கரிமம் 40 சதவீதம் குறைந்தது, இட்ட முட்டை சிறுத்தது, அதில் பொரிந்ததும் குறைவு. அப்படியானால் சாளைக் குஞ்சு ஒரு துகளைக்கூடத் தொடாவிட்டாலும் அதன் சாப்பாடு குறைகிறது.

கடைசியாக, பிளாஸ்டிக்கை விரும்பித் தின்கிறது என்ற செய்தி. அதை வகுப்பில் சொல்லாதீர்கள். 2016இல் சயன்ஸ் இதழில் ஸ்வீடனிலிருந்து வந்த கட்டுரை அது, பால்டிக் கடலின் பெர்ச் மீன் குஞ்சைப் பற்றியது. முட்டை பொரிப்பது 96 சதவீதத்திலிருந்து 81க்குக் குறைந்தது, குஞ்சுகள் பிளாஸ்டிக்கையே தேடித் தின்றன என்று இருந்தது, உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அந்தச் சோதனை சொன்னபடி நடந்ததா என்றே சந்தேகம் எழுந்தது. மூலத் தரவு இருந்த மடிக்கணினி திருடுபோய்விட்டது என்றார்கள். விசாரணைக்குப் பிறகு 2017இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பல்கலைக்கழகமும் அது ஆய்வு முறைகேடு என்று முடிவு செய்தது. செய்தி மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குஞ்சுகள் துகளைத் தின்கின்றன, அது உண்மை. இரை என்று எண்ணித் தின்கின்றன என்பதற்கு மேல் "விருப்பம்" என்று சொல்ல அந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஈசிஆர் ஹாட்சரி:

அலைவாசி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மரக்காணம் பக்கம் இறால் ஹாட்சரியில், அதாவது குஞ்சு பொரிப்பகத்தில், வேலை பார்க்கிறேன். குஞ்சுக்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்பது தொட்டியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இறால் முட்டை பொரிந்ததும் வருகிற நாப்ளி எதையும் தின்னாது, தன்னிடம் உள்ள கருவுணவை வைத்தே ஓட்டும். அடுத்து சோயியா ஆனதும் வாய் திறக்கும், அந்தக் கணத்தில் தண்ணீரில் பாசி தயாராக இருந்தாக வேண்டும். பாசி குறைந்தால் மறுநாள் காலையில் குஞ்சுகள் துவண்டு அடியில் கிடக்கும், பிறகு எவ்வளவு கொட்டினாலும் தொட்டி தேறாது. மீன் குஞ்சும் அப்படித்தான், மஞ்சள் கரு தீர்ந்து முதல் வாய் தின்கிற அந்தச் சில நாட்களில்தான் பிழைப்பதா சாவதா என்பது முடிவாகிறது என்று நார்வேயின் யோர்ட் என்ற அறிஞர் 1914லேயே எழுதிவிட்டார்.

அந்த நேரத்தில் குடல் சின்னஞ்சிறியது. வளர்ந்த மீனுக்கு நாலு துகள் உள்ளே போனால் கழிவோடு வெளியே போய்விடும், பெரிதாக ஒன்றும் ஆகாது. குஞ்சுக்கு அதே நாலு துகள் ஒரு வேளைச் சாப்பாட்டு இடத்தை அடைத்துவிடும். கடல்நீரை மணல் வடிகட்டி, பிறகு ஒரு மைக்ரான் வரை வடிகட்டி, அப்புறம் புறஊதா ஒளி காட்டித்தான் தொட்டியில் விடுகிறோம். கிருமிக்காகச் செய்கிறோம், ஆனால் துகளும் அதில் நின்றுவிடுகிறது. கடலில் பிறக்கிற குஞ்சுக்கு யார் வடிகட்டிக் கொடுப்பார்கள்?

தோணிக்காரன்:

எல்லாம் சரி அண்ணன்மாரே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். மீன் குஞ்சை யார் கொல்கிறார்கள் என்று கேட்டால் எங்கள் பதில் இரட்டைமடியும் சுருக்குமடியும் சின்னக் கண்ணி வலையும்தான். தடைக்காலம் முடிந்த மறுநாள் இழுவைப் படகு கரைக்குக் கொண்டுவருவதில் கூடை கூடையாகக் குஞ்சு மீன், மனிதன் தின்ன முடியாமல் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகிறது. அதைப் பேசாமல் கண்ணுக்குத் தெரியாத துகளைப் பேசினால், பிடிக்கிறவர்கள் தப்பித்துக்கொள்ள அது வசதியாகப் போய்விடும்.

அதோடு, ஒரு மீன் ஆயிரக்கணக்கில் முட்டை விடுகிறது, அதில் பெரியதாவது ஒன்றிரண்டுதான். எப்படியும் சாகப்போகிற குஞ்சுகளில் கொஞ்சம் துகளால் செத்தால் வலையில் மீன் குறையுமா? ஆய்வகத்தில் அள்ளிக் கொட்டிச் செய்கிற சோதனையைக் கடலோடு எப்படி ஒப்பிடுவது?

அலைவாசி:

கோபம் எதற்கு, கேட்க வேண்டிய கேள்வி இது. ஆய்வக அளவைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. பழைய சோதனைகள் பலவற்றில் கடலில் அளந்ததைவிட நூறு மடங்கிலிருந்து கோடி மடங்கு வரை துகள் போட்டிருந்தார்கள் என்று 2016இல் ஒரு கணக்கே வெளிவந்தது. ஆனால் கடலில் அளக்கிற வலையின் கண்ணி பெரும்பாலும் 333 மைக்ரான். அதற்குக் கீழே உள்ளது எல்லாம் வலை வழியே ஓடிப்போய்விடும், குஞ்சின் வாய்க்கு ஏற்ற துகளோ அந்த ஓடிப்போகும் கூட்டத்தில்தான் இருக்கிறது. சோதனையில் போட்டது அதிகம், கடலில் எண்ணியது குறைவு, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்று, துகளும் குஞ்சும் கடலில் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை, இது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நீரோட்டம் சேரும் இடத்தில் நுரையும் பாசியும் குப்பையும் நீளக் கோடாக நிற்குமே, அதை ஒட்டித்தானே மீன் தேடுவீர்கள். ஹவாய்த் தீவில் அப்படிப்பட்ட கோடுகளை அலசி 2019இல் எழுதினார்கள். சுற்றியுள்ள நீரைவிட அந்தக் கோட்டில் மீன் குஞ்சு எட்டு மடங்கு, பிளாஸ்டிக் 126 மடங்கு. ஒரு குஞ்சுக்கு ஏழு பிளாஸ்டிக் துண்டு என்ற கணக்கில் இருந்தது. அறுத்துப் பார்த்த குஞ்சுகளில் 8.6 சதவீதத்தின் வயிற்றில் பிளாஸ்டிக், அதில் பறவை மீன் குஞ்சும் உண்டு. இரை தேடி அவை கூடுகிற இடத்துக்கே துகளையும் அதே நீரோட்டம் கொண்டுவந்து சேர்க்கிறது. கடல் முழுவதற்கும் சராசரி எடுத்து "குறைவுதான்" என்று சொல்வதில் இது மறைந்துபோகும்.

வலையில் மீன் குறையுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், எந்தக் கடலிலும் ஒரு மீன்வளம் நுண்துகளால் மட்டும் விழுந்தது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. மிகையாகப் பிடிப்பதும் கடல் சூடாவதும் அதைவிடப் பெரிய அடி, அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் வலையால் தாய் மீன் குறைந்த இடத்தில் மிச்சமுள்ள தாய்களின் முட்டையும் தரம் கெட்டால், குஞ்சு சாவதை ஈடுகட்ட ஆள் இல்லை. எப்படியும் சாகிற குஞ்சுதானே என்ற கணக்கு முட்டை நிறைய இருக்கும்வரைதான் செல்லும்.

மன்னார் கரையிலிருந்து:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் 2025இல் பார்த்ததை நாங்கள் 2021இலேயே பார்த்துவிட்டோம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் மே 20இல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்தது, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அதில் இருந்த பிளாஸ்டிக் மணி ஏறத்தாழ 1,680 தொன், உலகத்தில் ஒரே விபத்தில் கடலில் கொட்டியதில் இதுவே அதிகம். நீர்கொழும்புப் பக்கம் கரையே வெள்ளையாகக் கிடந்தது, கடற்றொழிலுக்குத் தடை போட்டார்கள், ஆமைகளும் டொல்பின்களும் செத்துக் கரை ஒதுங்கின.

எங்கள் கப்பலில் நெருப்பும் சேர்ந்துவிட்டது. எரிந்து கருகிய கட்டிகளில், எரியாத மணியில் இல்லாத வேதிப்பொருள்களும் இருந்தன. கருகியது கல் மாதிரியே இருக்கும், பொறுக்குகிறவர் விட்டுவிடுவார், பிறகு அது கையால் தொட்டாலே நொறுங்கும். ஆசிரியர் ஐயா கேட்ட குஞ்சின் வாய்க்கு ஏற்ற அளவு அப்படித்தான் உண்டாகிறது. 2025 ஜூலையில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாலு வருசம் ஆனது அந்தத் தீர்ப்புக்கு. அந்த நாலு வருசமும் மணல் அப்படியேதான் இருந்தது.

பெசன்ட் நகர் இரவுநடை:

மீன் குஞ்சின் வாய்க்குள் நர்டில் போகாது என்று மேலே பார்த்தேன், ஆமைக் குஞ்சின் வாய்க்குள் போகும், அதை மட்டும் சொல்ல வந்தேன். சென்னைக் கரையில் பங்குனி ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிற குழுக்களோடு இரவு நடை போகிறவள் நான். கடலுக்குள் போன குஞ்சு முதல் வருடங்களில் மேல்மட்டத்திலேயே, மிதக்கும் பாசிக்கும் குப்பைக்கும் நடுவில்தான் வாழும், எது மிதந்தாலும் கடித்துப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் செத்த ஆமைகளை ஆராய்ந்து 2018இல் எழுதியதில், வளர்ந்த ஆமைகளில் 16 சதவீதத்தின் வயிற்றில் பிளாஸ்டிக், கடலில் இறங்கிச் சில காலமே ஆன குஞ்சுகளில் 54 சதவீதம். 14 துண்டு உள்ளே போனால் சாவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் கணக்கிட்டார்கள்.

மணல் சூடு பற்றியும் கேட்பார்கள். ஆமை முட்டையில் ஆணா பெண்ணா என்பது மணலின் வெப்பத்தைப் பொறுத்தது, சூடு கூடினால் பெண் கூடும். கறுப்புத் துகள் மணலைச் சூடாக்குகிறது என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள், ஆனால் மணலில் 30 சதவீதம் அளவுக்குக் கலந்தபோதுதான் அரை டிகிரிக்கு மேல் ஏறியது. நம் கரை அந்த நிலையில் இல்லை. தோணிக்காரன் அண்ணா சொன்னதும் சரி, 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியதற்கு இழுவை வலைதான் காரணம் என்று சொன்னார்கள், துகள் அல்ல. ஆனால் இழுவை வலையில் ஆமை தப்பிக்கும் கருவியைப் பொருத்தச் சொல்வதும் மணியை அள்ளச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லையே, இரண்டையும் கேட்போம்.

குமரிக்கரை ஆசிரியர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஸ்வீடன் கட்டுரை விஷயத்தையே ஒரு வகுப்பாக எடுக்கப் போகிறேன். பிள்ளைகள் கரையில் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறார்கள். வெறுமனே பொறுக்குவதைவிட உருப்படியாக என்ன செய்யலாம்? இப்படிப்பட்ட சரக்கை ஏற்றுவதற்கு விதி எதுவும் கிடையாதா?

அலைவாசி:

விதி என்றால், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் பரிந்துரை ஒன்று கொடுத்தது. மணிகளை உடையாத பொதியில் கட்ட வேண்டும், சரக்குச் சீட்டில் தெளிவாகக் குறிக்க வேண்டும், முடிந்தவரை கப்பலின் மேல்தளத்தில் வைக்காமல் கீழே வைக்க வேண்டும் என்று. வெறும் பரிந்துரைதான், கட்டாயமில்லை. எல்சா மூழ்கியது அதற்கு அடுத்த வருடம். இதைக் கட்டாயமாக்கியே தீர வேண்டும், ஏனென்றால் நுண்துகள்களிலேயே மூட்டையில் கட்டி, எண்ணி, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகிற வகை இது, தடுக்க நினைத்தால் தடுக்க முடிகிற வகை.

பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யச் சொல்லுங்கள். அலை ஏறி நின்ற கோட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, மேலே ஐந்து சென்டிமீட்டர் மணலை அள்ளி, சமையல் சல்லடையில் சலிக்கட்டும். மிஞ்சியதை நல்ல உப்புக் கரைசலில் போட்டால் மணல் அடியில் தங்கும், இந்த மணிகளில் பெரும்பாலானவை மேலே மிதக்கும். எண்ணி, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் மாதம் ஒரு முறை, பருவமழைக்கு முன்னும் பின்னும் தவறாமல் செய்யுங்கள். வெள்ளையாக இருப்பதையும் மஞ்சளானதையும் தனித்தனியாக எண்ணுங்கள், மஞ்சளானது அதிக காலம் வெயிலில் கிடந்தது. டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகக் குழு 2005 முதல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கரையில் பொறுக்கித் தபாலில் அனுப்பும் மணிகளைச் சோதித்து, எந்தக் கரையில் எந்த நஞ்சு என்று வரைபடம் போட்டுவந்திருக்கிறது, அந்த வரைபடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கையுறை கட்டாயம், அந்தக் கப்பலில் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை விடும் கால்சியம் கார்பைடும் இருந்தது, ஆகவே மூடிய கொள்கலனோ டப்பாவோ எது ஒதுங்கினாலும் பிள்ளைகள் தொடாமல் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093இல் சொல்லிவிடட்டும்.

தோணிக்காரன்:

சார், கரையில் எண்ணுவதோடு பாறை இடுக்கிலும் பாருங்கள். சிப்பி எடுக்க மூழ்குகிறவர்களிடம் ஒரு புட்டி கொடுத்துவிட்டால் மணி கிடைத்தால் போட்டுக்கொண்டு வருவார்கள். நுரைக்கோட்டில் எடுக்க வேண்டுமென்றால் எங்கள் வள்ளத்தில் அந்த ஆராய்ச்சிக்காரரின் சின்னக் கண்ணி வலையைக் கட்டி இழுத்துத் தருகிறோம். எந்த நாளில் எங்கே கோடு விழும் என்று எங்களுக்குத் தெரியும்.